பையன்களைக் கத்தாமல் பாட்டுப் படிக்க வைப்பது எப்படி: கிராமத்துக் கோயிலில் ஒரு பாடகர் குழு

எங்கள் பக்கம் கிறிஸ்தவ ஆலயத்தைக் கோயில் என்போம், பாட்டைப் பாடுவதில்லை, படிப்போம். "ஒரு பாட்டுப் படி மக்கா" என்றால் பையன் புத்தகத்தைத் தேட மாட்டான், தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்து நிற்பான். எழுந்து நின்றதும் கத்துவான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. ஓய்வுநாள் பாடசாலையில், அதாவது சண்டே ஸ்கூலில், "சத்தமா, இன்னும் சத்தமா" என்றே பழக்கியிருப்பார்கள், ஆண்டு விழாவில் மைக் கிழியக் கத்தியதற்கு டிபன் பாக்ஸ் பரிசும் கொடுத்திருப்பார்கள்.

ஒரு போதகரின் பொறுப்பிலுள்ள ஊர்களைச் சேகரம் என்போம், அதில் ஒரு கோயில், பத்துப் பன்னிரண்டு பையன்கள், மூலையில் துணி போர்த்திய கால் ஆர்மோனியம் ஒன்று அல்லது யாரோ வெளிநாட்டிலிருந்து அனுப்பிய கீபோர்டு ஒன்று. இவ்வளவுதான் கையில் இருக்கிறது, ஆனாலும் ஞாயிறு மாலை ஆராதனையைப் பாட்டாகவே நடத்திப் பார்க்க ஆசை. அப்படிப்பட்டவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் சொல்ல வருவது ஒன்றுதான்: முதலில் சத்தத்தைக் குறையுங்கள், அடுத்து வார்த்தையைத் திருத்துங்கள், ஆர்கன், அங்கி எல்லாம் அப்புறம்.

எட்டு முதல் பத்து வயதுக்குள் இருக்கும் பையன்களைச் சேருங்கள். பரீட்சை வைத்து "உனக்குச் சுதி இல்ல, போ" என்று மட்டும் அனுப்பிவிடாதீர்கள், அந்த ஒரு வார்த்தையோடு வாழ்நாள் முழுக்க வாயே திறக்காத ஆண்கள் நம் ஊரில் ஏராளம். ஒரே சுதியில் ஓதுகிற பையனுக்குக் காது கெட்டுப்போயிருப்பது ரொம்ப அபூர்வம், அவன் தன் மேல் குரலை இன்னும் கண்டுபிடிக்கவில்லை, அவ்வளவுதான். அவனைக் கோயில் காம்பவுண்டுக்கு வெளியே அழைத்துப் போங்கள். பனைக்குக் கீழே நின்றுகொண்டு மேலே இருக்கிறவரைக் கூப்பிடுவது போல "ஊஊய்" என்று ஒரு குரல் கொடுக்கச் சொல்லுங்கள். தலைக்குள்ளிருந்து மெல்லிசாக வெளியே வரும் பாருங்கள், உங்களுக்கு வேண்டிய குரல் அதுதான். அதை அப்படியே பிடித்துக்கொண்டு உள்ளே வரவேண்டும்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நம் ஊரில் எல்லாருக்கும் புரிகிற கட்டைக் கணக்கிலேயே சொல்கிறேன்: கீபோர்டில் C ஒரு கட்டை, D ரெண்டு கட்டை, இப்படியே B ஏழு கட்டை, அடுத்த C-யில் மேல் ஸ்தாயி தொடங்கும். பையன்களால் நடு ஸ்தாயியில் ஒரு கட்டையிலிருந்து ஆறு கட்டை வரை நெஞ்சிலிருந்து கத்திக்கொண்டே போய்விட முடியும். அதற்கு மேலே போனால் ஒன்று குரல் கிழியும், இல்லை நின்றே போகும். பாமாலை என்கிற எங்கள் பாட்டுப் புத்தகத்தில் உள்ள மெட்டுகளில் பாதி, மேல் ஸ்தாயி ரெண்டு கட்டை, மூணு கட்டையைத் தொடுகிறவை. அங்கே வந்ததும் கழுத்து நரம்பு புடைக்க முகம் சிவந்து நிற்பார்கள், வாசிப்பவரும் இரக்கப்பட்டு மெட்டை ரெண்டு கட்டை இறக்கிவிடுவார். இறக்கவே கூடாது. கீழே இறக்கினால் பையன் இன்னும் வசதியாகக் கத்துவான்.

செய்ய வேண்டியது இதற்கு நேர் எதிர்: மேலே ஆரம்பித்துக் கீழே வாருங்கள். மேல் ஸ்தாயி ரெண்டு கட்டையில் "ஊ" என்று லேசாகத் தொடச் சொல்லி, அங்கிருந்து ரெண்டு, ஒண்ணு, ஏழு, ஆறு, அஞ்சு என்று ஐந்து படி இறங்கச் சொல்லுங்கள். சத்தம் ஏறவே கூடாது, பக்கத்தில் ஒரு குழந்தை தூங்குகிறது என்று நினைத்துக்கொள்ளட்டும். இறங்கும் வழியில் ஆறு கட்டை பக்கத்தில் பழைய கத்தல் குரல் எட்டிப் பார்க்கும். அப்போது நிறுத்திவிட்டு மறுபடி மேலிருந்து தொடங்குங்கள். "ஊ" சரியான பிறகு "ஓ", ரொம்ப நாள் கழித்துத்தான் "ஆ". "ஆ" என்று வாயைத் திறந்தாலே பந்தல் ஸ்பீக்கர் ஞாபகம் வந்துவிடும் அவர்களுக்கு. மூன்று வாரம் இதையே செய்ய வேண்டியிருக்கும். "பிள்ளைங்க சத்தமே கேக்கலியே" என்று சபையார் வந்து சொல்வார்கள், சொல்லட்டும். நாலாவது வாரம் அந்த மெல்லிசுக் குரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, கடைசிப் பெஞ்சில் இருக்கிற ஆச்சிக்கும் தெளிவாகக் கேட்கும்.

மூச்சுக்குப் பெரிய பாடமெல்லாம் வேண்டாம். கோயில் தரையில் மல்லாக்கப் படுக்க வைத்து ஆளுக்கொரு பாமாலைப் புத்தகத்தை வயிற்றில் வையுங்கள். மூச்சு இழுத்தால் புத்தகம் எழும்ப வேண்டும், தோள் அசையக் கூடாது. ஐந்து நிமிடம் சிரிப்பார்கள், ஆறாவது நிமிடம் வழிக்கு வருவார்கள்.

பயிற்சி வாரத்துக்கு இரண்டு நாள், நாற்பது நிமிடம் போதும். கிரிக்கெட் முடிந்த பிறகு வைத்தால் தொண்டை போயிருக்கும், ஆகவே விளையாட்டுக்கு முன்னாலேயே வைத்துவிடுங்கள். கோயில் கதவு திறந்தே இருக்கட்டும், உங்களைத் தவிர இன்னொரு பெரியவரும் உள்ளே இருக்கட்டும். இதில் விட்டுக்கொடுப்பே வேண்டாம். முடிந்ததும் சுண்டலும் சுக்குக் காபியும். எப்போதாவது யாராவது முதலூர் மஸ்கோத் வாங்கி வந்தால், அதைப் பயிற்சி முடிகிற வரை கண்ணில் காட்டாதீர்கள்.

சரி, இனி வார்த்தை. பெரும்பாலான குழுக்கள் கவிழ்கிற இடமும் இதுதான், எனக்கு ரொம்பப் பிடித்த இடமும் இதுதான்.

மாலை ஆராதனையில் பைபிளிலுள்ள சங்கீதத்தை வாசிக்காமல் படிக்க வேண்டுமென்றால் இங்கிலாந்துச் சபையிலிருந்து வந்த ஆங்கிலிக்கன் சான்ட் என்கிற முறை இருக்கிறது. அது ஒரு குட்டி மெட்டு, மொத்தம் பத்தே சுரம். வசனத்தின் முதல் பாதிக்கு நாலு, இரண்டாம் பாதிக்கு ஆறு. இரண்டு பாதியிலும் முதல் சுரம் நிற்கும் சுரம், அதிலேயே நின்றுகொண்டு எத்தனை வார்த்தை வேண்டுமானாலும் பேசுவது போலச் சொல்லிக்கொண்டே போகலாம். கடைசியில்தான் சுரம் நகரும். தமிழில் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வந்து உட்காருவது இதற்கு அப்படி ஒத்துப்போகும்.

இருபத்து மூன்றாம் சங்கீதம் முதல் வசனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்." முதல் பாதியில் "கர்த்தர் என் மேய்ப்பராயி" வரைக்கும் நிற்கும் சுரம். பிறகு "ருக்", "கி", "றார்", மூன்றுக்கு மூன்று சுரம். இரண்டாம் பாதியில் "நான்" மட்டும் நிற்கும் சுரம், அதன்பின் "தாழ்ச்", "சி", "ய", "டை", "யேன்", ஐந்துக்கு ஐந்து. மெட்டில் இரண்டு பாதியும் நீளமான சுரத்தில்தான் முடியும், வசனத்தில் அந்த இடங்களில் "றார்", "யேன்" என்று நெடில் வந்து நிற்கிறது. இந்த மெட்டை உண்டாக்கியவர்கள் தமிழைக் கண்டதுகூட இல்லை, ஆனால் அளவெடுத்துத் தைத்தது போல இருக்கிறது.

எல்லா வசனமும் இப்படி வந்துவிடாது. நீங்களே பென்சிலை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வசனத்துக்கும் சுரம் நகரும் இடத்தில் கோடு போட வேண்டும். கோடு போடும்போது வாய்விட்டுப் பேசிப் பாருங்கள், பேச்சில் அழுத்தம் விழாத குறில்மேல் நீள சுரம் விழுந்தால் கோட்டை நகர்த்துங்கள். இன்னொன்று, ஏட்டில் நகரும் சுரங்கள், கடைசி நீளச் சுரம் தவிர, சம அளவாக எழுதியிருக்கும், ஆனால் அப்படியே சம அளவாகப் படிக்கக் கூடாது. "தாழ்ச்சி" என்பதில் "சி"யை "தாழ்ச்" அளவுக்கு இழுத்தால் "தாழ்ச்சீ" ஆகிவிடும், அர்த்தம் போய்விடும். பேச்சில் எவ்வளவு நேரமோ பாட்டிலும் அவ்வளவு நேரம்தான்.

ஆகவே மெட்டே இல்லாமல் வசனத்தை முதலில் பத்துத் தடவை வாசிக்க வையுங்கள். நம் பையன்களுக்கு "ழ" வராது, "தாள்ச்சி" என்பார்கள். பேச்சில் அது இருந்துவிட்டுப் போகட்டும், பன்னிரண்டு பேர் ஒரே சுரத்தில் சொல்லும்போது பாதிப்பேர் "ழ", பாதிப்பேர் "ள" என்றால் கஞ்சியில் கல் கடிபட்ட மாதிரி இருக்கும். அதே போல வார்த்தைக் கடைசி ஒற்றுகள். "றார்" என்றால் "ர்" எல்லாருக்கும் ஒரே நேரத்தில் முடிய வேண்டும், இல்லாவிட்டால் "றார் ர் ர் ர்" என்று சைக்கிள் ஸ்டாண்டில் சைக்கிள் வரிசையாகச் சரிகிற சத்தம்தான் கேட்கும். கையை மூடிக் காட்டுங்கள், கை மூடும்போது ஒற்று.

மேய்ப்பர் சங்கீதம் வந்த பிறகு அடுத்து என்ன எடுப்பது? குழந்தை இயேசுவைக் கையில் ஏந்திக்கொண்டு சிமியோன் சொன்ன பாட்டை எடுங்கள். லூக்கா இரண்டாம் அதிகாரத்தில் நாலே வசனம், சீக்கிரம் கைக்கு வரும். அப்புறம்தான் முதல் அதிகாரத்திலுள்ள மரியாளின் பாட்டு, அது நீளம். ஒரே ஆராதனையில் ஏன் இப்படி இரண்டு பாட்டு என்று ஒரு பையன் கேட்டான், நல்ல கேள்வி. 1549-இல் இங்கிலாந்துப் பேராயர் கிரான்மர் அந்தச் சபைக்கான பொது ஜெபப் புத்தகத்தைத் தொகுத்தபோது, சாயங்கால ஜெபம், படுக்கப்போகும் முன் ஜெபம் என்று மடங்களில் தனித்தனியாக இருந்த இரண்டை ஒன்றாகச் சேர்த்தார். மரியாளின் பாட்டு முன்னதிலிருந்தும் சிமியோனின் பாட்டு பின்னதிலிருந்தும் வந்தவை. அதனால்தான் இரண்டு வாசகம், ஒவ்வொன்றுக்கும் பிறகு ஒரு பாட்டு.

பையன்களை ஒரே கும்பலாக நிறுத்தாதீர்கள். ஆல்டர் பக்கம் எதிரெதிராக இரண்டு வரிசை, ஒரு வசனம் இந்தப் பக்கம், அடுத்தது அந்தப் பக்கம். இங்கிலாந்துக் கதீட்ரல்களில் இந்த இரு பக்கத்துக்கும் டெக்கானி, கான்டோரிஸ் என்றே பெயர் உண்டு. ஒரு பக்கம் படிக்கும்போது மறுபக்கம் மூச்சு வாங்கிக்கொள்ளும், அதோடு எதிர்வரிசை எப்படிப் படிக்கிறது என்று காது கொடுத்துக் கேட்கவும் பழகும். முக்கியமாக, எந்தப் பக்கம் ஒரே பையனை நம்பி ஓடுகிறது என்பது உங்களுக்கு உடனே தெரிந்துவிடும்.

கோயிலின் எதிரொலியையும் கவனியுங்கள். நடுவில் நின்று ஒரு தடவை கை தட்டுங்கள். மெஞ்ஞானபுரம், இடையன்குடி மாதிரிப் பெரிய கோயில்களில் சத்தம் உடனே அடங்காது. அங்கே நிதானமாகப் படிக்க வேண்டும், வசனத்தின் இரண்டு பாதிக்கும் நடுவே தைரியமாக நிறுத்த வேண்டும். ஓட்டுக்கூரை போட்ட சின்னக் கோயிலில் அதே வேகத்தில் போனால் ஜெபம் தூங்கிவிடும்.

இப்போது ஆர்கன். குழாய் ஆர்கன் என்பது சென்னையில் செயின்ட் ஜார்ஜ் கதீட்ரல், செயின்ட் ஆண்ட்ரூஸ் கிர்க் மாதிரி இடங்களில் போய்ப் பார்க்க வேண்டிய பொருள். வாய்ப்பு வந்தால் பையன்களைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள். எந்தக் குழாய் வரிசை ஒலிக்க வேண்டும் என்று இழுத்துவிடும் குமிழ்களுக்கு ஸ்டாப்பு என்று பெயர், அவற்றில் 8, 4, 16 என்று எண் போட்டிருக்கும், எல்லாம் அடிக்கணக்கு. திறந்த குழாயில் கீழ்க்கோடி ஒரு கட்டைக்கு ஏறக்குறைய எட்டடி உயரக் குழாய் வேண்டும், அதுதான் மனிதக் குரலோடு சேரும் சாதாரண சுருதி. 4 என்றால் ஒரு ஸ்தாயி மேலே, 16 என்றால் ஒரு ஸ்தாயி கீழே. இது தெரிந்திருந்தால் கீபோர்டிலும் உதவும்: பையன்களுக்கு 8-உம் லேசான 4-உம் போதும், 16-ஐத் தட்டினால் அவர்கள் குரலை அது கம்பளி போல மூடிவிடும். வெயிலுக்கும் குழாய்க்கும் ஒரு பகை உண்டு. ஒரு டிகிரி சூடு ஏறினால் குழாயின் சுதி ஏறக்குறைய மூன்று சென்ட் ஏறும், நூறு சென்ட் என்பது அரைக் கட்டை. அப்படியென்றால் காலை இருபத்தைந்து டிகிரிக்குச் சுதி சேர்த்த குழாய்கள் முப்பத்தைந்து டிகிரி மத்தியானத்தில் எங்கே நிற்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதிர்கிற உலோக நாக்கு வைத்த குழாய்கள் அந்த அளவுக்கு நகராது, அதனால் ஆர்கன் தனக்குத்தானே சண்டை போட ஆரம்பிக்கும்.

நம் கையிலிருப்பது கால் ஆர்மோனியம். அதை எலியிடமிருந்து காப்பாற்றுவதே பெரிய வேலை, துருத்தித் தோல் என்றால் எலிக்கு அல்வா. நாப்தலின் உருண்டை போட்டு, வாரம் ஒரு முறையாவது திறந்து மிதித்து வாசியுங்கள். ஏதாவது ஒரு கட்டை கரகரவென்றால் அதன் நாக்கில் தூசி உட்கார்ந்திருக்கும், மெல்லிய பிரஷ்ஷால் அடியிலிருந்து நுனிப் பக்கம் தடவினால் போதும். பிளேடால் சுரண்ட யாரையும் விடாதீர்கள், நுனியைச் சுரண்டினால் சுதி ஏறும், அடியைச் சுரண்டினால் இறங்கும், இரண்டும் நமக்கு வேண்டாம். மழைக்காலத்தில் உள்ளே சின்ன பல்பு ஒன்று எரியவிடுவது பியானோ வைத்திருப்பவர்கள் பலருடைய வழக்கம். பழைய மரத்துக்குள் வயர் இழுக்க எனக்கு மனம் வராது, நான் மத்தியான வெயிலுக்கு ஜன்னலைத் திறந்து வைப்பதோடு சரி.

அதற்கு ஒரு தடவை தண்டனையும் அனுபவித்தேன். கார்த்திகை மழை, மரமெல்லாம் ஊறிப்போயிருக்கிறது, சிமியோனின் பாட்டு இரண்டாம் வசனத்தில் நாலாம் கட்டை அமுங்கினது அமுங்கினதுதான், எழும்பவே இல்லை. மிதிக்கிற வரைக்கும் அது கத்தும், மிதிப்பதை நிறுத்தினால் எல்லாமே நிற்கும். நிறுத்திவிட்டேன். பையன்கள் என் முகத்தைப் பார்த்தார்கள், நான் கையைக் காட்டினேன், மீதியைத் துணையில்லாமல் படித்து முடித்தார்கள். அழகாகத்தான் இருந்தது. ஆனால் பிறகு கட்டையை நெம்பி எடுத்து ஒரு சுரம் கொடுத்துப் பார்த்தால் அரைக் கட்டை இறங்கியிருந்தார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு பயிற்சியிலும் ஒரு வசனம் துணையில்லாமல்தான், முடிந்ததும் உடனே சுரம் கொடுத்துச் சரிபார்ப்போம். கரண்டு போனாலும் இதே பழக்கம் கை கொடுக்கும்.

வாசிப்பவருக்கு இரண்டு வார்த்தை. ஆர்கனில் சத்தம் தானாகத் தேயாது, விரலை எடுத்தால்தான் நிற்கும். அதனால் பையன்கள் மூச்சு வாங்கும் இடத்தில் உங்கள் விரலும் எழ வேண்டும். நீங்களும் வாய்க்குள் தமிழைச் சொல்லிக்கொண்டே வாசித்தால் இது தானாக வரும், சுரத்தை மட்டும் பார்த்து வாசித்தால் ஒருகாலும் வராது. சபையார் இழுப்பார்கள், எல்லா ஊரிலும் இழுப்பார்கள். அதற்குக் காது கொடுத்து நீங்களும் மெதுவானால் நாலாம் சரணத்தில் அடக்க ஆராதனை ஆகிவிடும். கீபோர்டு என்றால் தாளம் போடும் பட்டனுக்கு மேல் ஒரு பிளாஸ்திரி ஒட்டிவிடுங்கள்.

கீர்த்தனைக்கு வேறு சட்டம். 1774-இல் நெல்லையில் பிறந்த கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியார் வழியில் வந்த பாட்டுகள் ராகமும் தாளமும் உள்ளவை, அவற்றுக்கு நாலு குரல் ஹார்மனி போடுவது பணியாரத்துக்கு ஜாம் தடவுவது மாதிரி. சிலர் போடுகிறார்கள், கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எல்லாப் பையன்களும் ஒரே வரியைப் படிக்கட்டும், ஆர்மோனியத்தில் ச-ப மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். கமகம் குரலில் வரும், கட்டையில் வராது, அதற்கு முயற்சியும் வேண்டாம்.

டிசம்பரில் ஒன்பது வேத வாசகமும் நடுநடுவே பாட்டுமாக நடக்கும் ஒன்பது வாசக ஆராதனை வைப்பவர்களுக்கு ஒரு தந்திரம். அது 1880-இல் இங்கிலாந்தின் ட்ரூரோவில் தொடங்கியது, 1918-இலிருந்து கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் நடப்பதால் உலகம் முழுக்கப் பரவியது. அங்கே முதல் பாட்டின் முதல் சரணத்தை ஒரு பையன் தனியாகப் படிப்பான், யார் என்று கடைசி நொடியில்தான் நடத்துநர் கை காட்டுவார். நாமும் மூன்று பேரைத் தயார் செய்துவிட்டு இப்படியே செய்யலாம். ராத்திரி முழுக்கத் தூங்காமல் பயப்பட யாருக்கும் நேரம் இருக்காது, அம்மாமார் சண்டையும் மிச்சம்.

பெண்பிள்ளைகளை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்பார்கள். சேர்க்கலாம், தாராளமாக. இங்கிலாந்தில் சாலிஸ்பரி கதீட்ரலே 1991-இல் பெண்பிள்ளைகளுக்கு ஒரு குழு தொடங்கிவிட்டது. எங்கள் ஊரில் நான் பையன்களோடு தொடங்கியதற்குக் காரணம் வேறு. பெண்பிள்ளைகள் ஏற்கெனவே நன்றாகப் படித்துக்கொண்டிருந்தார்கள், பையன்கள் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார்கள்.

அங்கியைக் கடைசியில் தையுங்கள். பருத்தித் துணி, தளர்வாக, ஓரத்தில் நாலு விரல் மடித்துத் தைக்கச் சொல்லுங்கள், ஆறு மாதத்தில் பிரித்துவிட வேண்டியிருக்கும்.

பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் மகரக்கட்டு வரும், அதாவது குரல் உடையும். முதலில் மேல் சுரம் காற்றாகப் போகும், அப்புறம் பேச்சே இரண்டாகப் பிளக்கும். அந்தப் பையனை அன்றே வெளியே அனுப்பாதீர்கள், மேலே கட்டாயப்படுத்திப் படிக்கவும் விடாதீர்கள். எங்களிடம் இப்போது ஒருவன் இருக்கிறான், முன்வரிசையில் முதல் ஆளாக நின்றவன். நான் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்து ஏடு திருப்பச் சொல்லியிருக்கிறேன். சங்கீதத்துக்குப் புதிதாகக் கோடு போடும்போது பென்சில் அவன் கையில்தான். போன வாரம், நான் கோடு போட்ட ஒரு இடத்தைப் பார்த்துவிட்டு "சார், இங்க குறிலுல்லா இழுக்குது" என்றான். அழித்துவிட்டு ஓரெழுத்து தள்ளிப் போட்டேன்.